ஹோர்ட்டன் சமவெளியா, லிப்டன் சீட்டா, சின்னச் சிவனொளிபாதமா: குடும்பத்தோடு ஒரு காலை நடக்க எது தோது?

இலங்கையின் மலைநாட்டுக்கு இரண்டு மூன்று நாள் வரும் குடும்பத்துக்கு, நடைக்கென்று மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே ஒரு காலைதான். அந்தக் காலைக்கு மூன்று இடங்கள் போட்டி போடும். நுவரெலியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஹோர்ட்டன் சமவெளி, ஹப்புத்தளையில் தங்குகிறவர்களுக்கு லிப்டன் சீட், எல்லவில் இறங்குகிறவர்களுக்குச் சின்னச் சிவனொளிபாதமலை. கடைசியாகச் சொன்னதை ஊரில் எல்லோரும் லிட்டில் ஆடம்ஸ் பீக் என்றுதான் சொல்வார்கள். முச்சக்கர வண்டிக்காரரிடம் அப்படியே கேளுங்கள்.

எது அழகு என்று கேட்டுத் தெரிவு செய்தால் முடிவே வராது, மூன்றும் அழகுதான். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதை: பாதி வழியில் ஒருவர் "இனி முடியாது" என்று உட்கார்ந்துவிட்டால், அங்கிருந்து வெளியே வருவது எப்படி? மூன்று பாதைகளும் உண்மையில் வேறுபடுவது இந்த இடத்தில்தான். தூரமும் ஏற்றமும் அதற்குப் பிறகுதான்.

ஹோர்ட்டன் சமவெளி ஒரு வட்டப் பாதை. ஏறத்தாழ 9 கிலோமீற்றர். உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பை அடையும்போது கிட்டத்தட்டப் பாதி தூரம் வந்திருப்பீர்கள். அங்கிருந்து முன்னால் போனாலும் பின்னால் திரும்பினாலும் நடை ஒரே அளவு. குறுக்கு வழி இல்லை, வண்டி வராது. ஐந்து வயதுப் பிள்ளை அங்கே மறுத்துவிட்டால் மிச்சத் தூரம் முழுவதும் அப்பாவின் தோளில்தான். லிப்டன் சீட்டுக்குப் போவது தோட்டத்துக் கார்ப் பாதை. எந்த வளைவில் உட்கார்ந்தாலும் ஆட்டோ வந்து ஏற்றிக்கொள்ளும். சின்னச் சிவனொளிபாதத்தில் போன வழியே திரும்ப வேண்டும். எந்த இடத்திலும் "போதும்" என்று திரும்பலாம், திரும்பினால் அரை மணி நேரத்தில் கீழே நிற்கலாம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹோர்ட்டன் சமவெளி

மூன்றில் இதற்கு ஈடில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, தங்க நிறப் புல்வெளியும் குள்ளமாக முறுகி வளர்ந்த மரங்கள் கொண்ட மேகக் காடும் மாறி மாறி வரும் நிலம். 1988 முதல் தேசியப் பூங்கா. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் கொடுப்பது இந்த மேட்டு நிலம். வாகனத் தரிப்பிடத்திலேயே மரை என்னும் பெரிய மான்கள் நிற்கும். காட்டில் சிறுத்தையும் உண்டு, ஆனால் நடப்பவர் கண்ணில் படுவது அபூர்வம்.

பாதை பெரிய ஏற்றம் இல்லாதது. அதனாலேயே பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும் பாதை, அடியில் உருளும் சிறுகல், மரவேர், மழை அறுத்த பள்ளம். ஒவ்வொரு அடியையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். பெரியவர்கள் மூன்று மணி நேரத்தில் முடிப்பதைப் பிள்ளைகளோடு போனால் நாலரை முதல் ஐந்து மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட, வழக்கமாக ஓடி விளையாடும் பிள்ளை தானாக நடந்து முடித்துவிடும். அதற்குக் கீழே இருந்தால், தூக்கிச் சுமக்கத் தயாரான ஒருவர் கூட வர வேண்டும்.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது மூடுபனி. உலக முடிவு என்பது எண்ணூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக விழும் விளிம்பு. தெற்கே தாழ்நிலம். வெயில் ஏற ஏற அந்தத் தாழ்நிலத்துக் காற்று சூடாகி மலைச்சுவரில் மேலெழும்பி, உச்சியில் குளிர்ந்து பனிமூட்டமாகிவிடும். ஒன்பது மணி, மிஞ்சினால் பத்து. அதற்குப் பிறகு போனால் வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அதனால் ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது அங்கே நிற்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ 32 கிலோமீற்றர், வளைவுகள் நிறைந்த பாதை. ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் சரி. ஹப்புத்தளைப் பக்கமிருந்து ஒஹிய வழியாகவும் ஏறலாம். ரயிலில் ஒஹியவில் இறங்கி நடந்துவிடலாம் என்று யோசிப்பவர்களுக்கு: நிலையத்திலிருந்து நடை தொடங்கும் ஃபார் இன் வரை 11 கிலோமீற்றர், அதுவும் ஏற்றம். பிள்ளைகளோடு அது சரிவராது.

அதிகாலை வளைவுப் பாதையில் பிள்ளைகள் வாந்தி எடுப்பது வழக்கமான சங்கதி. வெறும் வயிற்றிலும் வரும், பால் குடித்த வயிற்றிலும் வரும். புறப்படுமுன் இரண்டு பிஸ்கட், கொஞ்சம் தண்ணீர், அவ்வளவு போதும். முன் கண்ணாடி வழியாகப் பாதை தெரியும்படி உட்கார வையுங்கள், கையில் போனைக் கொடுக்காதீர்கள். மிச்சச் சாப்பாட்டை ஃபார் இன்னில் இறங்கிச் சாப்பிடலாம்.

வாசலில் பையைச் சோதிப்பார்கள். பொலித்தீன், பிளாஸ்டிக் உறை எதுவும் உள்ளே போகாது. தண்ணீர்ப் போத்தலின் லேபிளையும் உரித்து எடுத்துவிடுவார்கள். கடையில் லன்ச் ஷீட்டில் சுற்றித் தரும் சோற்றுப் பார்சலும், உறையில் வரும் சிப்ஸும் அங்கேயே பிரிந்து காகிதத்துக்கு மாற வேண்டியிருக்கும். பத்து வண்டிகள் வரிசையில் நிற்கும்போது அந்த வேலை இருபது நிமிடத்தைத் தின்றுவிடும், அந்த இருபது நிமிடம் பனிமூட்டக் கணக்கில் பெரிது. முதல் நாள் இரவே தேங்காய் ரொட்டி சுட்டு, கட்டச் சம்பலோடு வாழையிலையில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பெரியவருக்கு ஒரு லீற்றர், பிள்ளைக்கு முக்கால் லீற்றர். இந்தக் கெடுபிடியில் அர்த்தம் இருக்கிறது. தரிப்பிடத்து மரைகள் மனிதரிடம் தின்று பழகிவிட்டன, திறந்த வண்டிக் கதவுக்குள் தலையை நுழைக்கும். உப்பு ருசி ஒட்டிய உறை என்றால் உறையோடு விழுங்கும். பிள்ளை ஆசையாக நீட்டினாலும் தடுத்துவிடுங்கள்.

பாதை சிறிது தூரம் போய்ப் பிரியும். பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் போகாமல், சிறிய உலக முடிவுப் பக்கம் முதலில் போங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, பனி. நீர்வீழ்ச்சி பத்து மணிக்கும் அங்கேதான் இருக்கும், காட்சி இருக்காது. ஏழரைக்குச் சிறிய உலக முடிவு, எட்டே காலுக்கு உலக முடிவு, பத்து மணி போல் பேக்கர், பதினொன்றரைக்கு வண்டி. இதுதான் பிள்ளைகளோடு சரியாக வரும் நேரக்கணக்கு.

விளிம்பில் கவனம். சிறிய உலக முடிவு பெயரில்தான் சிறியது. அங்கேயும் இருநூறு மீற்றருக்கு மேல் நேர் பள்ளம். விளிம்பு முழுவதற்கும் வேலி கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை மணிக்கட்டில் பிடி. விரலைப் பிடித்தால் பிள்ளை உருவிக்கொண்டு ஓடிவிடும். படம் எடுப்பதென்றால் உட்கார்ந்து, விளிம்பிலிருந்து ஒரு ஆள் நீளம் தள்ளி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று தள்ளும் வேகத்தை நேரில் உணர்ந்தால்தான் நம்புவீர்கள். அந்த மாதங்களில் அந்தத் தூரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

பேக்கர் நீர்வீழ்ச்சி சுமார் 20 மீற்றர் உயரம். பாதையிலிருந்து பார்வையிடத்துக்கு இறங்கும் துண்டு செங்குத்து, எப்போதும் ஈரம். வட்டம் முழுவதிலும் ஆள் வழுக்கி விழுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் அதுதான், ஏனென்றால் கால் களைத்துப்போன பிறகு வருகிறது. முழங்கால் வலியுள்ளவர்கள் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். குளிக்க அனுமதி இல்லை. கழிப்பறை தொடக்கத்தில் மட்டுமே. "வரலை" என்று சொல்லும் பிள்ளையையும் ஒருமுறை கூட்டிப் போய்விட்டுத் தொடங்குங்கள்.

ஜனவரி, பெப்ரவரி அதிகாலையில் புல்லில் உறைபனி படியும். மூன்று மணி நேரம் கழித்து வெயில் மூக்குத்தோலை உரிக்கும். தடித்த ஒரு ஜாக்கெட்டைவிட மெல்லிய இரண்டு மூன்று உடுப்புகள் நல்லது. உள்ளே பருத்தி பனியன் போட்டால் வியர்வையில் நனைந்து, காற்றுப் பட்டதும் உடம்பை விறைக்க வைக்கும். மாற்றப் பிள்ளைக்கு இன்னொன்று கொண்டுபோங்கள்.

செலவிலும் இதுவே முதலிடம். உள்நாட்டவருக்குச் சிறு தொகைதான், ஆனால் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் டொலரில். அதோடு வரியும் வண்டிக் கட்டணமும் சேரும். நாலு பேர் குடும்பத்துக்கு அது யோசிக்க வேண்டிய தொகை. பனி மூடிவிட்டால் திருப்பித் தரமாட்டார்கள்.

லிப்டன் சீட்

மூன்று தலைமுறை சேர்ந்து போவதென்றால் எங்கள் தெரிவு இதுதான், அதிலும் ஏறாமல் இறங்கி நடப்பது.

ஹப்புத்தளையிலிருந்து சுமார் 10 கிலோமீற்றரில் தம்பத்தென்ன தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்து மக்கள் வாயில் அது ஸ்டோர். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது. அங்கிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர், தேயிலை மலைகளுக்குள் வளைந்து வளைந்து ஏறும் கார்ப் பாதை. உச்சி 1,970 மீற்றர் அளவில். தன் தோட்டங்களைப் பார்க்க லிப்டன் வந்து உட்கார்ந்த இடம் என்பதால் அந்தப் பெயர், அவரை உட்கார வைத்த சிலையும் இருக்கிறது. தெளிந்த நாளில் தெற்கே தாழ்நிலம் கடல்வரை விரியும்.

இங்கும் பனி அதே கதைதான், ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கிவிடும். ஆனால் ஹப்புத்தளையில் தங்கினால் ஐந்தரைக்கு எழுந்தால் போதும். ஆறு மணிக்கு ஆட்டோ, ஏழு மணி போல் உச்சி. வாடகையை ஏறுமுன்னே பேசிவிடுங்கள்: உச்சி வரை, அங்கே காத்திருப்பு, பிறகு இன்ன இடத்தில் வந்து ஏற்றுவது, மூன்றையும் சேர்த்து ஒரே தொகை. "போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஏறினால் காத்திருப்புக் காசில்தான் சச்சரவு வரும். தமிழ் பேசும் ஓட்டுநர்கள் உண்டு, தமிழிலேயே பேசி முடிக்கலாம். கைபேசி எல்லா வளைவிலும் எடுக்காது. "கூப்பிடுகிறோம்" என்று விடாமல், இடமும் நேரமும் சொல்லி வையுங்கள்.

உச்சிக் கடையில் சூடான பிளேன் டீயும் ரொட்டியும் கிடைக்கும். அதைக் குடித்துவிட்டு இறங்கத் தொடங்கினால் பிள்ளைகளோடு இரண்டரை மணி நேரம். பாதை அகலம், தடுக்கி விழ ஒன்றுமில்லை. நாலு வயதுப் பிள்ளையும் ஓடும். உறுதியான சக்கரம் உள்ள குழந்தை வண்டியைக்கூடத் தள்ளலாம், மூன்றில் அது முடிகிற ஒரே இடம். எதிரே வரும் லொறியும் ஆட்டோவும் வளைவில் ஹோர்ன் அடிக்கும். பிள்ளைகள் மலைப்பக்கம், பெரியவர்கள் பள்ளப்பக்கம்.

ஒரே ஒரு தவறு எல்லோரும் செய்வது: இறக்கம்தானே என்று தாத்தா பாட்டியை முழு ஏழு கிலோமீற்றரும் நடக்க விடுவது. ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்காலை வாங்கும். ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரத்தைத் தடுத்து நிறுத்துவது தொடைத் தசையும் மூட்டும்தான். அன்று ஒன்றும் தெரியாது, மறுநாள் காலையில் படியிறங்க முடியாது. அவர்கள் உச்சியிலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றர் நடந்துவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொள்ளட்டும். மேல்பகுதிக் காட்சிதான் சிறந்தது, எதையும் இழக்கமாட்டார்கள். பிள்ளைகளுக்கு நகம் வெட்டி, சப்பாத்தின் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்திருந்தால் இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கிப் பெருவிரல் நகம் கறுத்துவிடும்.

இறங்கும் வழியெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள், சின்னக் கோயில்கள், தமிழ்ப் பள்ளிக்கூடம், கொழுந்து நிறுக்கும் மடுவம். மலையக மக்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தார்கள். அந்த உழைப்பில் எழுந்த மலையைத்தான் கண் நிறையப் பார்த்துக்கொண்டு நடக்கிறோம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிச் சொல்ல ஹோர்ட்டனிலோ எல்லவிலோ இப்படி ஒரு இடம் அமையாது. கொழுந்து பறிப்பதைச் சற்று நின்று பாருங்கள்: இரண்டு இலையும் ஒரு மொட்டும் இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் ஒடியும், உள்ளங்கை நிறைந்ததும் தலைக்கு மேலே பின்னால் எறிந்தால் கூடைக்குள் விழும், கண் திரும்புவதில்லை. நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது, நிறுவையில் குறைந்தால் கூலியில் பிடிக்கும். ஆகவே படமெடுக்க அவர்களை நிறுத்தி வைப்பது அவர்கள் கூலியில் கை வைப்பது. முதலில் கேளுங்கள், "வேணாம்மா" என்றால் விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பறிப்பு பெரும்பாலும் இருக்காது. பறிப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால் வேலை நாளில் போங்கள். மழை பெய்த மறுநாள் தேயிலைக்குள் இறங்கினால் அட்டை ஏறும். பிய்த்து இழுக்காமல், தோலோடு நகத்தை ஒட்டி வழித்தால் விட்டுவிடும்.

சின்னச் சிவனொளிபாதமலை

அதிகம் சொல்ல இல்லை, அதுவே இதன் நல்ல குணம். உயரம் 1,141 மீற்றர். எல்ல நகரிலிருந்து பசறைப் பாதையில் போய்த் தேயிலைக்குள் திரும்பினால், போக வர நாலு ஐந்து கிலோமீற்றர். கடைசிப் பகுதி மட்டும் படிக்கட்டு. படியடி வரை ஆட்டோவில் போய்விட்டால் மூன்று வயதுப் பிள்ளையும் ஏறிவிடும். கட்டணம் இல்லை. எதிரே எல்லப் பாறை, நடுவே எல்ல இடைவெளி, கீழே வெல்லவாய நோக்கிப் போகும் பாதை. அரை நாளில் ஒன்பது வளைவுப் பாலத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். 1921இல் முடிந்த பாலம், 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம்.

இரண்டு எச்சரிக்கைகள். முதல் உச்சியைத் தாண்டி முகடு தொடரும். அங்கே பாதை குறுகி, சரளைக்கல் சறுக்கும். பிள்ளைகளோடு முதல் உச்சியே எல்லை. இரண்டாவது, இது மொட்டை முகடு. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகலில் இடி மின்னல் வருவது வழக்கம், அந்த மாதங்களில் மதியத்துக்கு மேல் ஏற வேண்டாம். மற்ற மாதங்களில் காலை ஒன்பதுக்கு முன், அல்லது மாலை நாலுக்குப் பின். நடுப்பகலில் நிழலே கிடையாது.

எல்லவில் தங்கினால் "எல்லப் பாறைக்கும் போகலாமே" என்று யாராவது சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். வழக்கமான வழி தண்டவாளத்தின் மேல் நடப்பது. ஸ்லீப்பர் கட்டைகளின் இடைவெளி பிள்ளையின் கால்வீச்சுக்கு ஒத்துவராது, வளைவில் ரயில் வருவது கடைசியில்தான் தெரியும். பிறகு காட்டுக்குள் கிளைவழிகள் பிரிந்து குழப்பும்.

எந்த மாதத்துக்கு எது

இரண்டு பருவக்காற்று மலையின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறி நனைக்கிறது, இதைத் தெரிந்துகொண்டால் பாதித் தீர்மானம் முடிந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றுமே நன்றாக இருக்கும், ஹோர்ட்டனுக்குப் போக அதுவே காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டும். அதே மாதங்களில் ஹப்புத்தளையும் எல்லவும் இருக்கும் ஊவாப் பக்கம் உலர்ந்த காற்று வீசும், ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருவதும் அந்தக் காற்றுத்தான். பள்ளி விடுமுறை ஆகஸ்டில் வந்தால் யோசிக்காமல் ஹப்புத்தளைக்கோ எல்லவுக்கோ போங்கள். ஒக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை ஊவாவில் கனமழை. மண் சரிந்து ரயில் பாதையும் கார்ப் பாதையும் மூடப்படுவதுண்டு, புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம், அறை வாடகையும் வாசல் வரிசையும் நீளும்.

ஆக, பிள்ளைகள் எல்லோரும் எட்டைத் தாண்டியவர்கள், முழங்கால் கவலை யாருக்கும் இல்லை, மாதம் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் என்றால் ஹோர்ட்டனை விட வேண்டாம். அந்த மூன்றில் ஒன்று தப்பினாலும் லிப்டன் சீட். தவழ்ந்து முடித்து இப்போதுதான் நடக்கப் பழகிய குழந்தை இருந்தால், அல்லது கையில் மூன்று மணி நேரம்தான் இருந்தால், சின்னச் சிவனொளிபாதம்.

இரண்டு மனதாக இருப்பவர்கள் ஹப்புத்தளையில் அறை எடுப்பது நல்லது. இரவில் வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்தால் நாலரைக்கு வண்டி வரச் சொல்லி ஒஹிய வழியாக ஹோர்ட்டன். மேகம் மூடியிருந்தால் பிள்ளைகளை ஐந்தரை வரை தூங்க விட்டு, ஆறு மணி ஆட்டோவில் லிப்டன் சீட். வண்டிக்காரரிடம் இரண்டு நேரத்தையும் மாலையிலேயே சொல்லி, எந்த நேரம் என்பதை ஒன்பது மணிக்குள் உறுதிப்படுத்துவதாகப் பேசி வையுங்கள்.